கடல் கடந்து மாநாட்டுக்குச் செல்லும் தாதியருக்கு



நம் தோட்டப்புறங்களில் 'மிஸ்ஸி' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடிய தாய்மார்களைக் கேட்டால் அந்த மதிப்பு என்னவென்று சொல்வார்கள். ஒரு காலத்தில் மிஸ்ஸி என்றால் வெளியூரிலிருந்து வருகிறவர். இன்றோ ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய தாய்மார்களின் பெண்கள் பெரிய மருத்துவமனைகளில் தாதியராக இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் அனைத்துலக மாநாடுகளுக்கும் செல்கிறார்கள்.

அப்படிச் செல்லவிருக்கும் பெண்கள், தாங்கள் எழுத்துக் கற்ற தோட்டப் பள்ளியைத் தேடி வந்து, "இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க டீச்சர்" என்று கேட்பதுண்டு. விசா, விமானம் என்பவை ஒரு காலத்தில் நமக்கும் புதியவையே. படித்தும், விசாரித்தும், அவர்களோடு அலைந்தும் நாம் அறிந்துகொண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். வீட்டிலுள்ள பெரியவர்களும் உடனிருந்து கேட்பது நல்லது.

முதலில், அது என்ன மாநாடு? தாதியர் தொழிலுக்கென்று 1899ஆம் ஆண்டில் தோன்றிய உலக அமைப்பு அனைத்துலகத் தாதியர் மன்றம். அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் இருக்கிறது. அது நடத்தும் பேரவை 2019இல் சிங்கப்பூரிலும், 2023இல் கனடாவின் மாண்ட்ரியலிலும், 2025இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் கூடியது. இடையில் 2021இல், கோவிட் தொற்றின் காரணமாக, இணையவழியே நடந்தது. ஆயிரக்கணக்கான தாதியர் கூடி, தத்தம் மருத்துவமனையில் கண்டறிந்ததைக் கட்டுரையாகவும் சுவரொட்டி விளக்கமாகவும் முன்வைக்கும் இடம் அது. ஆகவே இது சுற்றுலா அன்று. நம் வார்டில் நாம் கற்றதை உலகத்தின் முன் சொல்லப் போகும் பயணம். அந்த வாய்ப்பு ஒரு காகிதப் பிழையால் கைநழுவிப் போகலாகாது என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

எல்லாவற்றுக்கும் முந்தியது பெயர். நம் வீட்டுப் பெண்ணின் கடப்பிதழில் அவள் பெயர், பிறகு 'ஏ' சாய்கோடு 'பி', அதன்பின் தந்தை பெயர் என்று இருக்கும். 'அனாக் பெரம்புவான்', அதாவது 'மகள்' என்பதன் சுருக்கம் அது. நம் நாட்டில் அதை எல்லாரும் அறிவார்கள். வெளிநாட்டுக்காரர் அறியமாட்டார். அவர்களுடைய பாரங்கள் 'குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர்தான் உண்டு. அது மட்டுமன்று. விமானச் சீட்டு பதியும் முறையில், குடும்பப் பெயரையும் தனிப்பெயரையும் பிரித்துக் காட்டும் குறியே அந்தச் சாய்கோடுதான். ஆகவே நம் பெயரிலுள்ள சாய்கோட்டை அது ஏற்காது. கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா? இயந்திரம் படிக்கும் அந்த வரிகளிலும் சாய்கோட்டுக்கு இடமில்லை.

இதற்கு வழி என்ன? சீட்டு வாங்கும்போது கடப்பிதழின் படப் பக்கத்தையே முகவரிடம் காட்டுங்கள். அடியில் உள்ள அவ்வரிகளில் பெயர் எவ்வாறு இருக்கிறதோ அதையொட்டியே பதியச் சொல்லுங்கள். விசாப் பாரம், மாநாட்டுப் பதிவு, விடுதிப் பதிவு ஆகிய அனைத்திலும் அதே எழுத்துகள் வரவேண்டும். ஒன்றில் தந்தை பெயரை முன்னே போட்டு, மற்றொன்றில் பின்னே போட்டுக் குழப்பிவிடாதீர்கள்.

நம் பழைய மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். 2023இல் அவள் மாண்ட்ரியலுக்குப் புறப்பட ஆயத்தமானாள். தொலைபேசியில் பெயரைச் சொல்லியே பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால், வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதுபோல, சீட்டையும் கடப்பிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். தந்தையின் பெயரில் ஓர் எழுத்து இரட்டித்திருந்தது. திருத்துவதற்கு அலைச்சலும் செலவும் ஆயின. நல்ல வேளை, நாள் இருந்தது. விமான நிலையத்தில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வீட்டுக்கு வந்து நம் பள்ளியின் பழைய பதிவேட்டையும் நினைத்துப் பார்த்தோம். அதில் அவள் தந்தையின் பெயர் மூன்றாவது விதமாக எழுதப்பட்டிருந்தது. தோட்டங்களில் இது புதிதன்று. முத்தையா என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒரு 'டி' போட்டும் எழுதலாம், இரண்டு 'டி' போட்டும் எழுதலாம், நடுவே 'எச்' சேர்த்தும் எழுதலாம். கிராணியார் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணனுக்கு ஒரு விதம், தங்கைக்கு ஒரு விதம். பள்ளியில் நாமும் அப்படியே படியெடுத்து வைத்தோம். அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் முரண்பட்டிருந்தால், பயண நாள் குறித்த பிறகு ஓடாதீர்கள். இன்றே தேசியப் பதிவிலாகாவில் விசாரியுங்கள்.

அடுத்தது விசா. மூன்று ஊர்களுக்கும் மூன்று விதம். சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டியதில்லை. பின்லாந்து ஷெங்கன் நாடுகளுள் ஒன்று; அங்கே குறுகிய பயணமாக, 180 நாளில் 90 நாள் வரை, மலேசியர் விசா இன்றித் தங்கலாம். கனடாவுக்கோ கட்டாயம் விசா வேண்டும். கைரேகையும் கொடுக்க வேண்டும். மாநாட்டார் அனுப்பும் அழைப்புக் கடிதத்தைப் பார்த்து, 'கூப்பிட்டுவிட்டார்கள், இனிக் கவலையில்லை' என்று எண்ணிவிடக் கூடாது. அழைப்புக் கடிதம் வேறு, விசா வேறு. 2022இல் மாண்ட்ரியலில் அனைத்துலக எய்ட்ஸ் மாநாடு கூடியபோது, முறையாக அழைக்கப்பட்டிருந்தும், ஆப்பிரிக்கா முதலிய இடங்களைச் சேர்ந்த பலர் விசா மறுக்கப்பட்டோ தாமதமாகியோ வரமுடியாமல் போயினர். ஆகவே விசா தேவைப்படும் நாடாயின், சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வேலை உறுதிக் கடிதம், விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணையுங்கள். திரும்பி வருவதற்கு நமக்கு இங்கே வேலையும் குடும்பமும் இருக்கின்றன என்பதை அக்காகிதங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். விசா கைக்கு வருமுன், பணம் திரும்பாத சீட்டை வாங்கிவிடாதீர்கள்.

கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பொது விதியாகக் கொள்ளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் பணிபுரிகிறவர்கள் விடுப்புக்கு மட்டுமன்றி, வெளிநாடு செல்வதற்கான அனுமதிக்கும் துறைத் தலைவரிடம் உரிய காலத்தில் எழுத வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு முறையும் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே முறை. போன முறை போய்வந்த தோழியின் பேச்சை மட்டும் நம்பிக்கொண்டிருக்கலாகாது.

இனிப் பெட்டிக்கு வருவோம். ஹெல்சிங்கியில் ஜூன் மாதம் நம் கோடை போலிராது. பகலில் 20 பாகை செல்சியஸ் அளவு, இரவில் 10 பாகைக்கு அருகில். கம்பளிச் சட்டையும் மழைக்கு ஒரு மேலுடையும் வேண்டும். அங்கே அம்மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கண்ணை மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணிப்பட்டை உதவும். மாண்ட்ரியலில் ஜூலை மாதமோ நல்ல வெயில். கனடா என்றாலே பனி என்று எண்ணிக் குளிர்ச்சட்டைகளாலேயே பெட்டியை நிரப்பிவிடாதீர்கள். மின்சாரமும் வேறுபடும். பின்லாந்தில் மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றதே. செருகி மட்டும் இரண்டு உருண்டைக் கால்கள் கொண்டது. கனடாவில் செருகி தட்டைக் கால், மின்னழுத்தமும் 120 வோல்ட்டுதான். நம் ஊர் இஸ்திரிப்பெட்டி அங்கே சூடேறாது.

கைப்பையில் இருக்க வேண்டியவை: கடப்பிதழ், காகிதங்களின் படிகள், பேச்சுக் குறிப்பு, ஒரு மாற்றுடை, அன்றாட மருந்துகள். மருந்தை அதன் சொந்த உறையிலேயே, மருத்துவர் கடிதத்தோடு வையுங்கள். வார்டில் செய்வதுபோல் மாத்திரைகளைச் சிறு டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டு போனால், சுங்க அதிகாரிக்கு அது என்னவென்று தெரியாது. இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பேசிக்கான மின்சேமிப்புக் கலமும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் கருதிச் சரக்கில் அனுமதிப்பதில்லை.

உணவைப் பற்றி அம்மாக்களுக்குத்தான் அதிகக் கவலை. ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்து அனுப்பாதீர்கள். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவமும் குழம்பான பொருளும் சோதனையில் பறிபோகும். இறைச்சி, பால் பொருள்கள், பழம், விதை ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தடை உண்டு. முறுக்கு கொடுத்தனுப்பலாம், கேட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். விமானத்தில் 'இந்து உணவு' என்று கேட்டால் சைவம் வரும் என்று நினைப்பது தவறு. அதில் மாட்டிறைச்சி இராது. கோழியோ மீனோ இருக்கலாம். சைவம் உண்பவர்கள் 'ஆசிய சைவ உணவு' என்று, புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகவேனும் சொல்லிவைக்க வேண்டும்.

புறப்படும் நாளில், மலாக்கா சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்தில் செல்கிறவர்கள், மூன்று மணி நேரம் முன்னதாகச் சேரும்படி கணக்கிடுங்கள். சிங்கப்பூருக்குப் பேருந்தில் செல்வதாயின், இரு நாட்டுச் சோதனைச் சாவடிகளிலும் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். நெரிசல் நாளில் அதற்கே பல மணி நேரம் ஆகும். நீண்ட விமானப் பயணத்தில் காலில் இரத்தம் கட்டும் என்று நோயாளிகளுக்கு நீங்கள்தான் சொல்கிறீர்கள். அந்தப் புத்திமதி உங்களுக்கும் பொருந்தும். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கோடையில் மாண்ட்ரியல் நேரம் நமக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பிந்தியது. கடிகார முள்ளைத் திருப்ப வேண்டியதில்லை. பகல் மட்டும் இரவாகிவிடும். இரவுப் பணி முடித்துவந்து பகலில் உறங்கப் பாடுபடும் தாதிக்கு அந்தத் தொல்லை பழகியதே. ஆயினும், பேச வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருவது நலம். ஹெல்சிங்கி ஐந்து மணி நேரம்தான் பிந்தியது.

அங்கே இறங்கியதும் அவசர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: பின்லாந்தில் 112, கனடாவில் 911. நம் நாட்டுத் தூதரக முகவரியையும் வைத்திருங்கள். ஹெல்சிங்கியிலேயே நம் தூதரகம் உண்டு, கனடாவிலோ அது தலைநகர் ஒட்டாவாவில் இருக்கிறது. கடப்பிதழ் தொலைந்தால் முதலில் காவல் நிலையம், பிறகு தூதரகம். ஆகவே கடப்பிதழின் படி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பெண்பிள்ளை தனியே எப்படிப் போவாள்?' என்று நீங்கள் கேட்பது அன்பினால்தான். நடுநிசியில் தனியாக ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிற பெண் அவள். அவளைத் தடுக்காதீர்கள். தங்குமிட விவரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்நேரம் பேசுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாநாடு நடக்கும் நேரம் நமக்கு இரவாயிருக்கலாம். அழைப்பு வரவில்லையென்று உடனே கலங்க வேண்டாம்.

சென்று வருகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வருகைச் சான்றிதழைப் பெயர் பார்த்து வாங்குங்கள். ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கத் தேவையான பயிற்சிப் புள்ளிகளுக்கு அதை அத்தாட்சியாகக் காட்டலாம். கேட்டதை அன்றன்றே குறித்துவைத்து, வந்ததும் உடன் பணிபுரிவோருக்குச் சொல்லுங்கள். ஒரு நாள் நம் பள்ளிக்கும் வாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முன் நின்று, போய்வந்த கதையைச் சொல்லுங்கள். அடுத்துப் போகப் போகிறவள் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கலாம். அவள் பெயரை இம்முறை பதிவேட்டில் சரியாக எழுதி வைத்திருக்கிறோம்.