எல்லோரையும் பார்க்கும் கண்கள்

திரையில் கதாநாயகன் நேராக நம்மை நோக்கிப் பேசும் கட்டத்தில் விசில் பறப்பதைக் கேட்டிருப்பீர்கள். முன்வரிசையில் இருப்பவரும், கடைசி வரிசை மூலையில் இருப்பவரும் 'என்னைத்தான் பார்க்கிறார்' என்றே உணர்கின்றனர். ஒருவர் ஒரே சமயத்தில் ஆயிரம் பேரைப் பார்ப்பது எப்படி?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். உங்களை நேராகப் பார்ப்பதுபோல் அச்சிட்ட ஒரு நடிகரின் படத்தைச் சுவரில் மாட்டுங்கள். அதன் முன்னே இடமிருந்து வலமாக நடந்து செல்லுங்கள். கண்கள் உங்களைத் தொடரும். இப்போது படத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு நண்பரை அசையாமல் நேரே பார்த்தபடி நிற்கச் சொல்லி மீண்டும் நடந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டுமே அவர் பார்வை உங்களைச் சந்திக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? நண்பரின் முகம் மேடு பள்ளம் உடையது. நீங்கள் விலகினால் மூக்கு ஒரு கன்னத்தை மறைக்கும். கருவிழி ஓரமாக ஒதுங்கித் தெரியும். படமோ தட்டையானது. பக்கத்தில் இருந்து பார்த்தால் அது சற்றுக் குறுகித் தெரியுமே தவிர, கருவிழி நடுவை விட்டு நகராது. காமிராவின் லென்ஸை நடிகர் ஒரு முறை நோக்கினால் போதும்; எல்லா இருக்கைகளையும் நோக்கியதாகிவிடும். உருவப்படங்களின் பார்வைத் திசையைப் பற்றி ஆங்கிலேய விஞ்ஞானி வுல்லாஸ்டன் 1824-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நம் கண்ணைப் பார்த்துப் பேசுபவரை நமக்கு நெருங்கியவராகக் கருதுவது மனித இயல்பு. ஆனால் திரையிலிருந்து ஒளி நம்மிடம் வருகிறதே தவிர, நம்மிடமிருந்து எதுவும் நடிகருக்குப் போய்ச் சேருவதில்லை. இந்த ஒருவழி நெருக்கத்தை 1956-இல் ஹார்ட்டன், வோல் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் விளக்கினார்கள். ஆகவே ரசிகரின் அன்பைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. திரையில் அனைவரையும் பார்த்தவர், நேரில் வரும்போது ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் பார்க்க முடியும். அந்த ஒருவராகிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஓரடி முன்னே வைக்கிறார். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருக்கி நின்றால், கூட்டம் ஏறத்தாழ ஒரு திரவம்போல் நடந்துகொள்ளத் தொடங்குகிறது. பின்னால் தள்ளும் விசை அலையாக முன்னே பரவுகிறது. தள்ளியவருக்கு அதன் விளைவு தெரியாது. நடுவில் சிக்கியவரின் மார்பு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டுகிறது. 2024 டிசம்பர் 4-ஆம் தேதி ஹைதராபாத்தில் ஒரு திரையரங்க நெரிசலில் ஒரு பெண் இறந்தார். 2025 செப்டம்பர் 27-இல் கரூரில் விஜய்யின் பிரசாரக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர்.

நினைவில் வையுங்கள்: நாலாபுறமும் பிறர் உடல் உங்கள்மேல் உரசத் தொடங்கினால், அப்போதே வெளியேறிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் கைகளை மடக்கி மார்புக்கு முன்னே வைத்து மூச்சுக்கு இடம் தேடுங்கள். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது சற்று ஓயும்போது குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். குழந்தைகளை அத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம்.

நேரில் பார்க்க முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அடுத்த படத்தில், நீங்கள் எந்த இருக்கையில் அமர்ந்தாலும், அவர் உங்களைத்தான் பார்ப்பார்.