வயலிலிருந்து வெளியேறும் வாயுக்களை அளத்தல்

தீவகத்து நெல்வயல்கள் காலபோக மழையை நம்பியவை. மழைநீர் தேங்கி மண்ணில் ஒட்சிசன் குன்றியதும், சில நுண்ணுயிர்கள் அரிதாளையும் எருவையும் சிதைத்து மெதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. நைதரசன் பசளையிட்ட மண்ணிலிருந்து நைதரசு ஒட்சைட்டு எழுகின்றது. வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் மெதேன் 2 பங்கிற்கும் குறைவு. மற்றையது ஒரு பங்கின் மூன்றிலொன்றே. ஆயினும் நூறாண்டுக் கணக்கில், வெப்பத்தைத் தடுத்து வைப்பதில், எடைக்கு எடை காபனீரொட்சைட்டினும் மெதேன் ஏறக்குறைய 28 மடங்கும், நைதரசு ஒட்சைட்டு ஏறக்குறைய 270 மடங்கும் வலியவை.

இத்துணைச் சிறிய அளவை அறிதற்கு ஒரு பெட்டியே போதும். அடிச்சட்டத்தை முன்னரே சேற்றிற் பதித்து, நெற்பயிரையும் உள்ளடக்கி ஒளிபுகும் பெட்டியாற் கவிழ்த்து மூடுவர். பயிரை விட்டுவிடலாகாது; மெதேனின் பெரும்பகுதி நெற்றண்டின் உட்குழல் வழியாகவே வெளியேறுகின்றது. பத்து நிமிடத்திற்கொருமுறை ஊசிக்குழாயால் வாயுவை எடுத்து, ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்புக் கருவியால் அளப்பர். சேற்றை மிதித்தாற் குமிழி எழுந்து கணக்குக் கெடும். ஆதலாற் பலகையின் மேல் நின்றே வேலை செய்வர்.

மண் சூடேறும் நண்பகலுக்குப் பின் மெதேன் பொதுவாக மிகும். வயல் வற்றும்போது அடைபட்டிருந்த வாயு சடுதியாக வெளிப்படும். பசளையிட்டபின் மழை பெய்தால் நைதரசு ஒட்சைட்டுச் சில நாள்களுக்கு உயரும். ஒருவேளை அளந்து ஆண்டு முழுவதற்கும் பெருக்குவது தவறு. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 37 மில்லியன் தொன்னளவு மெதேன் விடுவதாக வெளிநாட்டார் மதிப்பிட்டிருந்தனர். 1991இல் அறிஞர் ஏ. பி. மித்ராவின் தலைமையில் பல மாநில வயல்களில் நேரில் அளந்தபோது, அது ஏறக்குறைய 4 மில்லியன் தொன்னே எனத் தெரிந்தது.

கடலுவர் ஏறிய நிலத்தில் மெதேன் குறைவாகவே உண்டாகும். உவரிலுள்ள சல்பேற்றை உண்ணும் நுண்ணுயிர்கள் மற்றவற்றை முந்திவிடுகின்றன. ஆனால் இதனால் நெல்லுக்கு நன்மையில்லை.

தோட்டக்காரரின் கைப்பணத்தைக் கொண்டுபோவது வேறொரு வாயு, அஃது அமோனியா. சுண்ணாம்புக்கல் சார்ந்த காரமண்ணில் யூரியாவை மேலாகத் தூவினால், அதன் நைதரசனில் ஒரு பகுதி சில நாள்களுள் அமோனியாவாகப் பறந்துவிடும். அமிலம் தோய்த்த பஞ்சை வயலில் மூடிவைத்து இவ்விழப்பை அளப்பர். ஈரமேற்பரப்பும், வெயிலும், நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வீசும் காற்றும் இழப்பைப் பெருக்கும். 2021ஆம் ஆண்டின் இறக்குமதித் தடையையும் பின்னர் ஏறிய விலையையும் கண்ட கமக்காரருக்கு இது சிறிய நட்டமன்று.

வெங்காயம், மிளகாய்ப் பாத்திகளில் யூரியாவைப் பகுதி பகுதியாக இட்டு, உடனே மண்ணால் மூடுக. அல்லது அளவாக இறைத்து மண்ணுள் இறக்குக. மிகையாக இறைத்தால் நைத்திரேற்றாகி, குடிக்கும் கிணற்றையே சென்றடையும்.