செண்பகத்தோப்பு அணில் வங்கக் கடலில் நீந்துமா? காட்டை வரைபடமாக்கும் திறமூல மென்பொருள்கள்

மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை: வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வர ஆரம்பிக்கும். சாலையோரம் கலசலிங்கம் பல்கலைக்கழகம், டீக்கடைகள், லாரிகள். தூரத்தில் நீலமாகத் தெரியும் அந்த மலைதான் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்.

2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இந்தக் காப்பகம் நாட்டின் 51-வது, தமிழ்நாட்டின் 5-வது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். 1988-ல் அமைந்த சாம்பல் நிற அணில் சரணாலயமும் மேகமலை சரணாலயமும் சேர்ந்ததுதான் இது. அதே பிப்ரவரியில் இன்னொரு அறிவிப்பும் வந்தது; பலர் அதைக் கவனிக்கவில்லை. இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதியோ உரிமமோ வாங்க வேண்டியதில்லை என்று மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. பாதுகாப்பு சார்ந்த சில இடங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு.

ஆக, காடு இருக்கிறது, வரையும் உரிமையும் இருக்கிறது. கருவி? அதற்கும் காசு கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஆனால் காசு அதில் சின்னப் பகுதிதான்.

கியூஜிஐஎஸ் என்ன செய்யும்?

கூகுள் மேப் பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டும். 'ஓடையிலிருந்து 50 மீட்டருக்குள், 300 மீட்டர் உயரத்துக்குக் கீழே, கோடையிலும் பச்சையாக இருக்கும் இடங்களை மட்டும் காட்டு' என்று கேட்டால் விழிக்கும். அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே இருக்கிறது ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் முறைமை. பள்ளியில் டிரேசிங் பேப்பரை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருப்போம் இல்லையா, அதேதான். ஒரு தாளில் ஓடை, இன்னொன்றில் மலையின் உயரம், மற்றொன்றில் சாலை. எல்லாவற்றையும் அடுக்கி, நடுவே ஊசி குத்திப் பார்ப்பது.

அதற்கான மென்பொருள்களில் இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஒன்று கியூஜிஐஎஸ். 2002-ல் அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் என்பவர், தன் லினக்ஸ் கணினியில் வரைபடத் தரவுகளைப் பார்க்க ஒரு சின்ன மென்பொருளாகத்தான் இதைத் தொடங்கினார். இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். இதற்கு மூத்தது கிராஸ். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தின் கட்டுமான ஆய்வகம், தன் வசமுள்ள நிலங்களைப் பராமரிக்க உருவாக்கியது. ராணுவத்துக்காக எழுதிய நிரலை இப்போது அணில் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேடிக்கைதான்.

மென்பொருள் மட்டும் இலவசமாகிப் பயனில்லை. படம் வேண்டும். 2008 வரை லேண்ட்சாட் செயற்கைக்கோளின் ஒரே ஒரு படத்துக்கு 600 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா மொத்தக் கிடங்கையும் திறந்துவிட்டது. 2015-ல் ஐரோப்பாவின் சென்டினல்-2 வந்தது: 10 மீட்டர் துல்லியம், இரட்டைச் செயற்கைக்கோளாக ஆனபின் ஐந்து நாளுக்கு ஒரு படம், அதுவும் இலவசம்.

அணிலின் பார்வையில் பத்து மீட்டர்

இப்போது செண்பகத்தோப்புக்குப் போவோம். சாம்பல் நிற அணில் நம் வீட்டு அணில் மாதிரி இல்லை. வாலோடு சேர்த்தால் ஒரு சின்னப் பூனை அளவு இருக்கும். இந்தியாவில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தின் சில பகுதிகளில் மட்டும் உண்டு. இதைத் தாண்டினால் இலங்கை. ஓடைக்கரை மரங்கள் இதன் வீடு. பெரும்பாலும் தரைக்கு இறங்காது. கிளைகள் பின்னிக் கிடக்கும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும், ஏனென்றால் ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் ஓட வேண்டும். 1990-களில் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் ஏ.ஜே.டி.ஜான்சிங்கும் இந்த அணிலையும் அதன் வாழிடத்துக்கு வரும் பாதிப்புகளையும் ஆராய்ந்து எழுதினார்கள். ஜான்சிங், காட்டுயிர் ஆய்வுக்கு முழுநேரமாக வருவதற்கு முன் பக்கத்து சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர்.

இந்த அணிலின் வாழிடத்தை வரைபடமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சென்டினல் படத்தை இறக்கி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டால், எங்கே இலை அடர்த்தி அதிகம் என்று வந்துவிடும். கியூஜிஐஎஸ்ஸில் ஒரே ஒரு சூத்திரம், அவ்வளவுதான். ஆனால் ஜனவரிப் படத்தை எடுத்தீர்களென்றால் ஏமாந்தீர்கள். இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது முடிந்த கையோடு மலையடிவாரம் முழுக்கப் பச்சையாகத்தான் தெரியும். மார்ச், ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். இலையுதிர் மரங்கள் காய்ந்து பழுப்பாகிவிடும். ஓடைக்கரை மட்டும் பச்சைக் கோடாகத் தனியே நிற்கும். அணில் இருக்க வாய்ப்புள்ள இடம் கண்டுபிடித்தாச்சு!

கண்டுபிடிக்கவில்லை. கோடையில் பச்சையாக நிற்பது ஓடைக்கரைக் காடு மட்டும்தானா? மாந்தோப்பும் பச்சைதான், தென்னந்தோப்பும் பச்சைதான். அடிவாரம் நெடுக அவை இருக்கின்றன. செயற்கைக்கோளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அணிலுக்கும் சில சமயம் அப்படித்தான். ஓடையை ஒட்டிய தனியார் மாந்தோப்பு, புளியமரங்களிலும் அது நடமாடுகிறது. அப்படியானால் தோப்பை வாழிடம் என்று குறிப்பதா, வேண்டாமா? படத்தை உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தால் இதற்குப் பதில் வராது. கூடுகளைத் தேடி நடக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. படத்தின் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதற்குள் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு மரத்தை வெட்டியிருந்தால் படத்தில் தெரியாது. வரைபடம் 'தொடர்ச்சியான காடு' என்று பச்சை அடித்து வைத்திருக்கும். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சில மீட்டர் மட்டுமே தாவக்கூடிய அணிலுக்கோ அங்கே பாதை அறுந்துவிட்டது. புலிக்கும் யானைக்கும் போதுமான துல்லியம் அணிலுக்குப் போதாது.

இலவசம் வேறு, திறந்தது வேறு

பார்த்த இடங்களைப் புள்ளிகளாகக் கொடுத்தால், 'இதே மாதிரிச் சூழல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது' என்று கணிக்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றில் பெயர்பெற்றது மேக்ஸ்என்ட். ஸ்டீவன் பிலிப்ஸ், ராபர்ட் ஆண்டர்சன், ராபர்ட் ஷாபயர் மூவரும் 2006-ல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உலகெங்கும் ஏராளமான ஆய்வுகள் இதை வைத்து வந்தன. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நிரலைப் பிரித்துப் பார்க்க முடியாது. 2017 வாக்கில்தான் மூலநிரல் வெளியானது. பத்து வருஷத்துக்கு மேலாக ஆய்வாளர்கள் மூடிய சட்டியில் வெந்த சோற்றைப் பதம் பார்க்காமலே பரிமாறினார்கள் என்று சொன்னால் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பொய் இல்லை.

திறமூலம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான். ஒரு பொருள் இலவசமாகவும் இருந்து மூடியும் இருக்கலாம்.

அதேசமயம், நிரல் திறந்திருந்தாலும் கொடுக்கும் புள்ளி தப்பாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பார்த்தவர்கள் பதிவிடும் புள்ளிகள் பெரும்பாலும் அய்யனார் கோவில், செண்பகத்தோப்பு மாதிரி மக்கள் போய்வரும் இடங்களைச் சுற்றியே விழும். அதை அப்படியே மேக்ஸ்என்ட்டில் போட்டால், அணில் எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதை அழகாகக் காட்டும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இன்னொரு கண்ணி உண்டு. ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சரியான இடத்தை வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, சுமார் 22 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் எங்கேயோ ஒரு இடத்தைத்தான் பொதுவில் காட்டும். நல்ல ஏற்பாடு. தெரியாமல் அந்தப் புள்ளியை எடுத்துப் பயன்படுத்தினால், செண்பகத்தோப்பு அணில் ராஜபாளையம் நூற்பாலையின் கூரைமேல் உட்கார்ந்திருக்கும்.

கடலுக்குப் போன அணில்

இந்த ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தனிப் பொறி இருக்கிறது. உருண்டையான பூமியைத் தட்டையாக்கி மீட்டரில் அளக்க, உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இதற்கு யுடிஎம் என்று பெயர். 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இரண்டு மண்டலங்களுக்கு நடுவேயுள்ள எல்லை. அது சரியாகத் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் இடையே ஓடுகிறது! மதுரை நகரம் 44-வது மண்டலம். கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், மலை எல்லாம் 43.

மதுரையில் பயிற்சி எடுத்தவர் பழக்கத்தில் 44 என்று போட்டுவிட்டால்? 43-ல் எடுத்த அளவுகள் அப்படியே ஆறு டிகிரி கிழக்கே நகரும். அதாவது சுமார் 650 கிலோமீட்டர். இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் அணில் நீந்திக்கொண்டிருக்கும். இது நல்ல தப்பு, பார்த்ததும் தெரிந்துவிடும். மோசமானது பழைய சர்வே வரைபடங்களால் வருவது. அவை 1830-ல் எவரெஸ்ட் வகுத்த பூமியின் வடிவக் கணக்கில் வரைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் கணக்கு வேறு. மாற்றாமல் மேலே போட்டால் சில நூறு மீட்டர் விலகலாம். ஓடை தோப்புக்குள் போய்விடும், யாருக்கும் சந்தேகமே வராது.

சாலைக்கு எத்தனை மார்க்?

இந்த வேலையெல்லாம் எங்கே போய் முடியும்? பெரும்பாலும் ஒரு சாலையில்.

கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கொல்லம் போகிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை இதை நான்குவழிச் சாலையாக்கும் வேலை எடுக்கப்பட்டது. இதே சாலை தெற்கே செங்கோட்டைக் கணவாயில் மலையைக் குறுக்கே கடக்கிறது, ரயில் பாதையும் கூடவே. பெரியாறு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கக் காடும் களக்காடு - முண்டந்துறை பக்கக் காடும் தொட்டுக்கொள்ள வேண்டிய கழுத்து அது. யானை, புலி நடமாட்டம் அறுந்துபோகிற இடம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் பகுதி.

விலங்கு எந்த வழியாக நகரும் என்று கணிக்க சர்க்யூட்ஸ்கேப் என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது. பிராட் மெக்ரே என்ற சூழலியலாளரின் யோசனை. காட்டை ஒரு மின்சுற்றாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். அடர்ந்த காடு தாமிரக் கம்பி, வயல் கொஞ்சம் தடை, சாலை பெரிய தடை. ஒரு முனையில் மின்சாரம் விட்டால் எந்த வழியில் அதிகம் பாய்கிறதோ அதுதான் வழித்தடம். எங்கே நெருக்கிப் பிடிக்கிறதோ அங்கே உடனே கவனம் வேண்டும். மத்திய இந்தியாவின் புலி வழித்தடங்களை இப்படி வரைந்திருக்கிறார்கள். இந்த மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் விரல் ஷா; ஆதார் திட்டத்திலும் வேலை பார்த்தவர்.

இதில் முக்கியமான கேள்வி: சாலையின் தடை எவ்வளவு? 10 என்று போடலாம், 100 என்றும் போடலாம். காடு 1 என்றால் இரண்டு வழிச் சாலை எவ்வளவு, நான்கு வழி எவ்வளவு, ராத்திரி லாரி ஓடும் சாலை எவ்வளவு? இதை இயற்கை நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. வரைபடம் போடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். அந்த ஒரு எண்ணை மாற்றினால் வழித்தடம் இடம் மாறும். சில சமயம் காணாமலே போகும். ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை வரும்போது, 'இங்கே விலங்கு நடமாட்டம் குறைவு' என்று ஒரு வண்ணப் படம் இருந்தால், நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: என்ன எண் போட்டீர்கள், ஃபைலைக் கொடுங்கள். திறமூல மென்பொருளில் செய்திருந்தால் அந்த ஃபைலைக் கிருஷ்ணன்கோவில் ஹாஸ்டலில் இருக்கும் ஒரு மாணவரும் தன் லேப்டாப்பில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், எண்ணை மாற்றியும் பார்க்கலாம். சந்தா கட்டினால் மட்டும் திறக்கும் ஃபைலாக இருந்தால், கேள்வி கேட்பதற்கே காசு வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஜிபிஎஸ் இருக்கிறது என்று மலையேறிவிடாதீர்கள். கூடு இருக்கும் மரத்தின் துல்லியமான இடத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதும் வேண்டாம்.

அனுமதி கிடைத்தவர்கள் போனில் கியூஃபீல்டு செயலியைப் போட்டுக்கொள்ளலாம். கியூஜிஐஎஸ்ஸின் கைப்பேசித் தம்பி மாதிரி. வரைபடத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டால் டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், மலையில் அதுதான் தேவை. கூடவே பவர் பேங்க். கூடவே அந்தப் பகுதியைத் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர். எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்பது எந்தச் செயற்கைக்கோளையும்விட அவருக்குத் தெரியும்.

காட்டுக்குப் போகாமலேயே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. ஆய்வாளர்கள் சாலை, ஓடைகளுக்குப் பெரும்பாலும் நம்பியிருப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை. 2004-ல் தொடங்கியது, விக்கிபீடியா போல யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இன்று ராத்திரி அதைத் திறந்து உங்கள் ஊரைத் தேடுங்கள். மலையிலிருந்து உங்கள் கண்மாய்க்கு வரும் ஓடை அதில் இருக்கிறதா, பெயர் தமிழில் சரியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பின்னால் தெரியும் செயற்கைக்கோள் படத்தின் மேலேயே வரைந்து சேர்த்துவிடலாம். கணக்குத் தொடங்க ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.