கணினிகள் சேர்ந்து உடைத்த பூட்டு!

குட்டீஸ், 53-ஐ 61-ஆல் பெருக்குங்கள். 3,233. உடனே சொல்லிவிட்டீர்கள்! ஆனால், 3,233 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன் என்று முதலில் கேட்டிருந்தால்? 2, 3, 5, 7 என்று வகுத்து வகுத்தே களைத்திருப்பீர்கள்.

இந்தக் கஷ்டத்தையே பூட்டாக்கி, செய்திகளை ரகசியமாக அனுப்பும் முறையை 1977-ல் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் ஆகிய மூவர் உருவாக்கினார்கள். 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, அதன் காரணிகளைக் கண்டுபிடித்து ரகசியச் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்றார்கள். அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பது அன்றைய மதிப்பீடு!

1993-ல் சிலர் அந்தப் பெரிய கணக்கைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, இணையம் வழியே உதவி கேட்டார்கள். சுமார் 600 தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். சும்மா இருந்த நேரத்தில் அவர்களுடைய கணினிகள் கணக்குப் போட்டன. மொத்தம் ஏறக்குறைய 1,600 இயந்திரங்கள். அவற்றில் இரண்டு, ஃபேக்ஸ் இயந்திரங்கள்! எட்டு மாதம் சேர்ந்த விடைகளை ஒரு பெரிய கணினி ஒன்றாக்கியது. 1994 ஏப்ரலில் பூட்டு உடைந்தது. உள்ளே இருந்த செய்தி, எலும்பு தின்னும் ஒரு கழுகைப் பற்றிய வேடிக்கைச் சொற்கள்!

பரிசைப் பங்கிட்டால் தலைக்குக் கால் டாலர்கூடத் தேறாது. அதை ஒரு பொது அமைப்புக்கே கொடுத்துவிட்டார்கள். பணத்தைவிடப் பெரிய லாபம், எவ்வளவு நீளமான எண் இருந்தால் பூட்டு பலமாக இருக்கும் என்று உலகம் தெரிந்துகொண்டதுதான். இன்று இந்த வகைப் பூட்டுகளில் 617 இலக்க எண்கள் சாதாரணம்.

நீங்களும் நண்பர்களும் ஆளுக்குச் சில பகா எண்களைப் பிரித்துக்கொண்டு, 8,633-ஐ உடைத்துப் பாருங்களேன்!