சாவி கொடுக்கும் கை யாருடையது?

புது தில்லி:

மின்சாரம் வேண்டாம்; டீசலும் வேண்டாம். ஒரு பெட்டிக்குள் 'ஸ்பிரிங்' எனப்படும் எஃகுச் சுருள்வில், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சற்று நேரம் சுற்றிவிட்டால் போதும், தையல் இயந்திரமோ மின்விசிறிக்கு மாற்றான விசிறியோ தானாகவே ஓடும். கேட்பதற்கு இனிக்கும் இந்த யோசனை புதியதன்று. தையல் இயந்திரத்தைச் சுருள்வில்லால் ஓட்டும் மோட்டார்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் காப்புரிமைகள் பெறப்பட்டன. மின்தடையோடு வாழப் பழகிவிட்ட நம் நாட்டில் இந்த யோசனைக்குத் தனிக் கவர்ச்சி உண்டு.

ஆனால், இந்திய வீடுகளின் சிறு இயந்திரங்களை இது ஓட்டுமா? இதற்கு விடை காண வேண்டுமானால், கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வரலாறும் பார்க்க வேண்டும். இரண்டும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: சாவி கொடுக்கும் கை யாருடையது?

சாவி கொடுத்த காலம்: சுருள்வில் மோட்டார் இந்தியாவுக்கு அந்நியமானதல்ல. கொல்கத்தாவில் 1908-இல் இசைத்தட்டு ஆலை உருவான காலத்தில், அந்தத் தட்டுகளைச் சுழற்றியது சாவி கொடுத்து முறுக்கப்பட்ட சுருள்வில்தான். முறுக்கிய வில் தளரும்போது பல்சக்கரங்கள் சுழல்கின்றன. அவசரமாகத் தளர்ந்துவிடாதபடி, சிறு எடைகள் கொண்ட வேகக்கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பிடித்து நிறுத்துகிறது. தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று என்ற சீரான வேகத்தில் ஓடியது இப்படித்தான்.

கைக்கடிகாரமும் அதே குடும்பம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் தொழில்நுட்பத்துடன் பொதுத்துறை நிறுவனமான எச்எம்டி 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. தினமும் காலையில் சாவி கொடுப்பது ஒரு தலைமுறையின் பழக்கமாகவே இருந்தது. பின்னர் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. எச்எம்டி கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

கடிகாரத்துக்கும் கிராமபோனுக்கும் பொருந்திய சுருள்வில், தையல் இயந்திரத்துக்கு ஏன் பொருந்தவில்லை?

கணக்கு சொல்வது என்ன?: சுருள்வில் ஆற்றலை உற்பத்தி செய்வதில்லை. கை கொடுத்ததைச் சேமித்து வைத்து, உராய்வில் ஒரு பங்கை இழந்து, மீதியைத்தான் திருப்பித் தருகிறது. மோட்டார் பொருத்திய வீட்டுத் தையல் இயந்திரங்கள் பொதுவாக 60 முதல் 100 வாட் திறன் கொண்டவை. சராசரியாக 40 வாட் போதும் என்றே வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் தைக்க 24,000 ஜூல் ஆற்றல் வேண்டும். 20 கிலோ எடையுள்ள தண்ணீர்க் குடத்தை ஒரு மீட்டர் உயரத்துக்கு 120 முறைக்கு மேல் தூக்குவதற்குச் சமமான உழைப்பு இது.

கைப்பிடியைச் சுற்றும் ஒருவர் சோர்ந்துவிடாமல் தொடர்ந்து தரக்கூடியது 30 முதல் 50 வாட் வரைதான். ஆகவே, பத்து நிமிடம் தைப்பதற்கு ஏறத்தாழ பத்து நிமிடம் சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் காலால் மிதித்தே தைத்து முடித்திருக்கலாமே! கையைவிடக் கால் வலிமையானது என்பதால், பழைய மிதி இயந்திரம் இந்த மோட்டாரைவிடச் சிக்கனமானது என்பதுதான் உண்மை.

எடையும் ஒரு தடை. ஒரு கிலோ சுருள்வில் எஃகில் 300 ஜூல் சேமிக்கலாம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், அந்தப் பத்து நிமிடத் தையலுக்கு 80 கிலோ எஃகு தேவை. அதே ஆற்றலைச் சேமிக்கச் சாதாரண ஈய பேட்டரியில் கால் கிலோ எடையே போதும்.

வானொலி கற்பித்த பாடம்: தேவைப்படும் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் மட்டும் சுருள்வில் வெல்கிறது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் செய்திகள் மின்சாரமற்ற கிராமங்களை எட்டவில்லை என்பதை அறிந்த பிரிட்டன் கண்டுபிடிப்பாளர் டிரெவர் பேலிஸ், 1990-களின் தொடக்கத்தில் சாவி கொடுத்து இயக்கும் வானொலியை உருவாக்கினார். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அது தயாரிக்கப்பட்டது. அரை நிமிடம் சுற்றினால் ஏறத்தாழ அரை மணி நேரம் பாடியது. காரணம், வானொலிக்குத் தேவைப்பட்டது ஒரு வாட்டில் சிறு பகுதியே.

ஆனால், அங்கும் சுருள்வில் நிலைக்கவில்லை. அதே வானொலியின் பிந்தைய வடிவங்களில் எஃகு வில் அகற்றப்பட்டு, கைப்பிடியால் மின்னேற்றம் செய்யும் பேட்டரி இடம்பெற்றது.

தில்லியில் ஒரு விவாதம்: வீட்டு இயந்திரம் பற்றிய விவாதம் தலைநகருக்கும் புதியதன்று. 1924-இல் 21 நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு தில்லியில் ஓய்விலிருந்த காந்தியடிகளிடம் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். பின்னாளில் தமிழகத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர் இவர்தான். மனித உடலே ஓர் இயந்திரம், ராட்டையும் இயந்திரமே என்று விளக்கிய காந்தியடிகள், தாம் ஏற்கும் விதிவிலக்காகச் சிங்கர் தையல் இயந்திரத்தைச் சுட்டிக்காட்டினார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறுக்காமல் பிறந்த கருவி அது என்பது அவர் தந்த விளக்கம். அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்று கேட்டதற்கு, அத்தகைய ஆலைகள் தேசத்தின் உடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றார்.

1929-இல் அகில பாரத நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டைக்கு ரூ. 1 லட்சம் பரிசு அறிவித்தது. குடிசைக்குள் கையாலோ காலாலோ இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், விலை ரூ. 150-ஐ தாண்டக் கூடாது. 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகளில் சில. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண் பெரும் சிரமமின்றி எட்டு மணி நேரம் அதில் வேலை செய்ய இயல வேண்டும். பரிசை எவரும் வெல்லவில்லை. எனினும், இயந்திரத்தின் திறனோடு அதை இயக்குபவரின் சோர்வையும் நிபந்தனையாக எழுதிய அறிவிப்பு அது. நாடு விடுதலை பெற்ற பிறகு, தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் ராட்டை 1950-களில் நாடெங்கும் பரவியது.

இணைப்பு உண்டு, மின்சாரம்?: 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விளக்குக்கு மின்சாரத்தைப் பயன்படுத்திய குடும்பங்கள் 55.8 சதவீதம் மட்டுமே. அந்த நிலை பெரிதும் மாறியிருப்பதை மறுப்பதற்கில்லை. 2018 ஏப்ரலில் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. 2017-இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில் 2.8 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு இணைப்பு தரப்பட்டது. 24 மணி நேர மின்விநியோகத்தை நுகர்வோர் உரிமையாகவே 2020-ஆம் ஆண்டு விதிகள் குறிப்பிடுகின்றன.

ஆனால், கம்பி வருவது வேறு, கம்பியில் மின்சாரம் வருவது வேறு. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் வழங்கத் தொடங்கிய காலத்தில் மாநிலம் கடும் மின்வெட்டில் தவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் தையற்காரர் உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க ரூ. 15,000 வரை தருகிறது. எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்பதற்குக் கணக்கு இருக்கும். அவை நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடின என்பதற்கும் கணக்கு வேண்டாமா?

மின்சாரம் நின்றவுடன் இயந்திரத்தின் வேலை மீண்டும் கைக்குத்தான் போகிறது. அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. 2024-ஆம் ஆண்டுக்கான நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்கள். அந்த 289 நிமிடங்களோடு சாவி கொடுக்கும் நிமிடங்களையும் சேர்ப்பது தொழில்நுட்ப முன்னேற்றம் ஆகாது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. வெயிலில் மின்னேற்றம் பெறும் பேட்டரி, சுருள்வில்லின் பணியை அதைவிடச் செம்மையாகச் செய்கிறது. மனித உழைப்பையும் கேட்பதில்லை. 2018-இல் சூரிய சக்தி ராட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. சிறு தொழில் கருவிகளைப் பரவலாக்கப்பட்ட மரபுசாரா எரிசக்தியில் இயக்குவதற்கான கொள்கைச் சட்டகத்தை 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சகம் வெளியிட்டது. தையல் இயந்திரம் தரும் அரசு, அதை ஓட்டும் சூரியத் தகட்டுக்கும் பேட்டரிக்கும் சேர்த்தே கடனுதவி அளிக்கலாம். ஊர்வாரியாக மின்சாரம் கிடைத்த நேரத்தை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்கலாம்.

கிராமத்துக்கென்று புதிய கருவியோடு யார் வந்தாலும், 1929-இன் அந்தப் பழைய நிபந்தனையை முதலில் நினைவூட்ட வேண்டும். இதை ஒரு பெண் எட்டு மணி நேரம் சிரமமின்றி இயக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தக் கருவிக்கும் மக்கள் வரிப்பணத்திலிருந்து ஒரு ரூபாயும் தரப்படக் கூடாது.