வீட்டு அதிரசம் கடைச் சரக்காக வேண்டுமானால்...

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் கடைகளில் பாகு வெல்லமும் பச்சரிசியும் வேகமாக நகரத் தொடங்கிவிடும். வாங்கிச் செல்லும் தாய்மார்களில் சிலர் அடுத்த வாரமே ஒரு தூக்குவாளியுடன் வந்து, "அண்ணாச்சி, நான் சுட்ட அதிரசம். நன்றாக இருந்தால் கடையில் வைத்து விற்றுக் கொடுங்கள்" என்று கேட்பதுண்டு. நம்மில் பலர் முகத்துக்காக வாங்கி வைக்கிறோம். சிலர் வம்பு எதற்கென்று தட்டிக் கழிக்கிறோம். இரண்டுமே சரியான வழியல்ல. விசாரித்து, கணக்குப் பார்த்து, முறைப்படி வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கும் வருமானம், நமக்கும் நல்ல சரக்கு.

1959-ல் பம்பாய் கிர்காம் பகுதியில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் லிஜ்ஜத் என்ற பெரிய நிறுவனமாயிற்று. அவர்களுடைய முதல் அப்பளக் கட்டுகளை வாங்கி விற்றவர் புலேஷ்வர் கடைவீதியில் இருந்த ஒரு வியாபாரி என்பதை நாம் மறக்கக் கூடாது. வீட்டுத் தொழிலுக்கு முதல் படி பெரும்பாலும் ஒரு கடை வாசல்தான்.

பதம் பார்த்து வாங்குக

அதிரசத்தில் ருசியைவிடப் பதமே முக்கியம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஈரம் தட்டும் நிலையிலேயே இடித்துச் சலிக்க வேண்டும். மாவு முழுதும் காய்ந்துவிட்டால் பாகை ஏற்காது. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் மென்மையாக உருட்ட வர வேண்டும். பதம் முந்தினால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்துபோகும். பிந்தினால் மறுநாளே கல்லாகிவிடும். பிசைந்த மாவு ஒரு நாளாவது இருந்தால்தான் சீராக வேகும்.

ஆகவே, சுட்ட அன்றே தின்று பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மாதிரியாக நான்கை வாங்கி வைத்து, 3-ம் நாளும் 7-ம் நாளும் பிட்டுப் பாருங்கள். காறல் வாடை வந்தால் எண்ணெய் பழையது, அல்லது சரியாகப் பிழியவில்லை என்று பொருள். பூசணம் பிடித்தால் சூடு ஆறும் முன் கட்டிவிட்டார்கள் என்று பொருள். இரண்டு ஈடு ஒரே மாதிரி வந்த பிறகே தொடர்ந்து வாங்க ஒப்புக்கொள்வது நல்லது.

கூலியைச் சேர்த்த கணக்கு

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் விலை வைப்பதில்தான். உதாரணத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு 40 அதிரசம் வருவதாக வைத்துக்கொள்வோம். அரிசி 60 ரூபாய், வெல்லம் 55, எண்ணெய் 65, ஏலக்காய், சுக்கு, எள் 20, எரிவாயு 20, உறையும் அட்டையும் 40. ஆக 260 ரூபாய். ஒன்றுக்கு ஆறரை ரூபாய் அடக்கம் என்று எண்ணி, நமக்கு 8 ரூபாய்க்குத் தருகிறார். 40-க்கு 60 ரூபாய் மிச்சம். அவர் அடுப்படியில் நின்றதோ மூன்று மணி நேரம். மணிக்கு 20 ரூபாய்தான் கூலி!

மணிக்கு 80 ரூபாய் வீதம் கூலி 240-ஐச் சேர்த்தால் அடக்கம் 500. உடைந்தது, கருகியது என 4 கழிந்து 36 தேறினால், ஒன்றின் அடக்கம் ஏறக்குறைய 13 ரூபாய் 90 காசு. அவர் 15-க்குத் தந்து நாம் 18-க்கு விற்றால்தான் இருவருக்கும் கட்டும். "8 ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்று நாம் மகிழ்ந்தால், ஓரிரு மாதத்தில் அந்த அம்மாள் அலுத்துப்போய் நிறுத்திவிடுவார். பழகிய வாடிக்கையாளரிடம் "சரக்கு இல்லை" என்று சொல்ல வேண்டியவர் நாம்தான். கணக்குத் தெரிந்தவர்கள் நாம். இந்தக் கணக்கை அவருக்கு எழுதிக் காட்டுவது நம் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-ல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் செய்து விற்றாலும் பதிவு அவசியம். சிறு தயாரிப்பாளருக்கு உரிமம் தேவையில்லை, பதிவுச் சான்றே போதும். சான்றில் 14 இலக்க எண் இருக்கும். இணையம் வழியே விண்ணப்பிக்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியது 27-ம் பிரிவு. காலாவதியான பண்டத்தை விற்றால் விற்றவரே பொறுப்பு. யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாவிட்டாலும் விற்றவரே பொறுப்பு. "பக்கத்துத் தெரு அம்மாள் கொடுத்தது" என்று வாயால் சொல்வது போதாது. 26-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் நமக்குத் தரும் பில்லே எழுத்து மூலமான உத்தரவாதமாகக் கொள்ளப்படும். எனவே 20 அதிரசம் வாங்கினாலும் தேதியிட்ட பில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

உறையில் பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும், தொகுதி எண், தயாரித்தவர் பெயர், முகவரி, பதிவு எண், சைவக் குறியான பச்சை வட்டம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். செய்தித்தாளில் உணவுப் பண்டம் பொதிவதை 2018-ம் ஆண்டின் விதிகள் தடை செய்துள்ளன.

கொடுக்கல் வாங்கல்

"விற்ற பின் பணம்" என்ற ஏற்பாடு சிறு தயாரிப்பாளரின் கழுத்தை நெரித்துவிடும். அவர் அடுத்த ஈட்டுக்கு வெல்லம் வாங்க வேண்டிய பணம் நம் அலமாரியில் முடங்கிக் கிடக்கும். அரிசி, வெல்லத்தை நம் கடையிலேயே பற்று எழுதிக் கொடுத்து, சரக்கு வந்ததும் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தரலாம். விற்காமல் நின்றதை யார் ஏற்பது என்பதை முதல் நாளே பேசி எழுதிவிடுவது நல்லது. பாதிப் பாதி என்றால் இருவருமே அளவாக வாங்குவோம், அளவாகச் சுடுவோம்.

பண்டிகைக்கு மட்டும் 500 சுட்டுவிட்டு ஓய்வதைவிட, வாரம் இரு நாள் 40 வீதம் தொடர்ந்து தருவதே தொழிலை நிலைநிறுத்தும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் (2020) ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் (2019) புவிசார் குறியீடு கிடைத்தது, தலைமுறை தலைமுறையாகப் பதம் தவறாமல் செய்து வந்ததால்தான்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் கைப்பக்குவம் உள்ள ஒருவருக்கேனும் பதிவு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பெரிய அங்காடிகளில் கிடைக்காத சரக்கு ஒன்று நம் கடையில் கிடைக்கிறது என்றால், வாடிக்கையாளர் மற்றச் சாமான்களையும் நம்மிடமே வாங்கிச் செல்வார்.