ஷவர் கணக்கு மொட்டை மாடியில் தொடங்குகிறது

சொந்த வீடு: வரவும் செலவும் – 17

ஷவர் வாங்கக் கடைக்குப் போகிறவர்களின் கண் முதலில் போய் நிற்பது, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இருக்கும் ‘ரெயின் ஷவர்’ மேல்தான். கடைக்காரர் தனி மோட்டார் வைத்து அதைக் கொட்டவிட்டுக் காட்டுவார். தருமபுரியில் இதை விற்பது இன்னும் சுலபம். வாங்க வருகிறவர் ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியடியில் நின்றவர். அந்த அடி வீட்டிலும் விழும் என்ற ஆசையில் பில் போடச் சொல்லிவிடுகிறார்.

அருவியின் அடி உயரத்தால் வருவது. வீட்டு ஷவருக்கும் அதே விதிதான். தண்ணீர் ஏறக்குறைய 33 அடி உயரத்தில் நின்றால்தான் கீழே ஒரு ‘பார்’ அழுத்தம் கிடைக்கும். தரைத்தளம் மட்டும் கட்டிய வீட்டில், மொட்டை மாடித் தரையிலேயே சின்டெக்ஸ் டேங்க் உட்கார்ந்திருந்தால், அதன் அடிமட்டம் சுமார் 11 அடி. ஷவர் 7 அடியில் இருக்கும். மிச்சம் 4 அடி. ஒரு பாரில் எட்டில் ஒரு பங்குதான். பெரிய ரெயின் ஷவர்கள் பெரும்பாலும் அரை பார் முதல் ஒரு பார் வரை கேட்கும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. நாலாயிரம் கொடுத்து மாட்டிய ஷவரில் தண்ணீர் நூல் நூலாக வடியும்போதுதான் பிளம்பருக்கு போன் போகும்.

வீடு இப்போதுதான் எழும்புகிறது என்றால் டேங்க்கை மாடிப்படி ஹெட்ரூம் மேலே ஏற்றிவிடுங்கள். இன்னும் எட்டு அடி கிடைத்து, சாதாரண சின்ன ஷவர் நன்றாகவே கொட்டும். இறங்கு குழாயை ஒன்றேகால் அங்குலத்தில் போட்டு, எல்போக்களைக் குறைத்தால் இன்னும் நல்லது. கட்டி முடித்த வீட்டுக்கு பிரஷர் பம்ப்தான் வழி. வைக்கும்போதே நான்-ரிட்டர்ன் வால்வோடு ஒரு பைபாஸ் லைன் கேட்டு வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போகிற நேரத்தில், சோப்புப் போட்ட தலையோடு வாளி கேட்டுக் குரல் கொடுக்க வேண்டியதுதான்.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டத்துப் பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளூரைடு கூடுதல். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 1,928 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளூரைடு தொல்லை, குடித்தும் சமைத்தும் உள்ளே போவதால் வருவது. குளிப்பதால் பல்லும் எலும்பும் கெடாது. ஆகவே ஒகேனக்கல் தண்ணீரைக் குளியலறை டேங்க்குக்குத் திருப்ப வேண்டாம். கிராமத்துக் குழாய் வழியாக ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் கணக்கு. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் ஷவர் ஐந்தரை நிமிடத்தில் அதைக் காலி செய்துவிடும்.

குளிக்கப் போர் தண்ணீர் போதும். ஆனால் அதன் உப்பு உங்கள் சாமான்களை விடாது. சில மாதம் ஓடிய ஷவர் தட்டைக் கழற்றிப் பாருங்கள்: ஓட்டைகளின் விளிம்பில் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெள்ளைப் படிவு. பாதி ஓட்டை அடைத்திருக்கும், மீதி கோணலாகச் சுவரைப் பார்த்துப் பீய்ச்சும். பளபளப்பான ஸ்டீல் ஓட்டையை வினிகரில் ஊறவைத்து ஊசியால் குத்த வேண்டும். ரப்பர் போன்ற சிலிக்கான் முனை இருந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே படிவு உதிரும். விலை கொஞ்சம் கூடினாலும் இந்த ஊருக்கு அதுதான் சரி. கீசரின் ஹீட்டிங் காயிலும் இதே படிவு ஏறும். ஆண்டுக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

கீசர் என்றதும் கரண்ட் பில். மார்கழிக் காலையில் டேங்க் தண்ணீர் 20 டிகிரி என்று வைப்போம். 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் 30 லிட்டர் வெதுவெதுப்பான நீர். ஒருவர் குளியலுக்கு அது போதும். நான்கு பேர் குளித்தால் இரண்டு மாதத்தில் 170 யூனிட்டை ஒட்டி வரும். அரசு தரும் 100 இலவச யூனிட் இதிலேயே கரைந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை ஏறும். புழக்கடையில் வெந்நீர் அடுப்பும் விறகும் இருக்கிற வீட்டில் கீசரை ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி ரூபாய்க் கணக்கு. பழைய குளியலறையை உடைத்துச் செய்வதாக வைத்து, நான் போட்டுப் பார்த்த நடுத்தரக் கணக்கு இது: ஷவர் 1,500, டைவர்ட்டரோடு மிக்சர் 7,500, கீசர் 9,000, பம்ப் 10,000, வெந்நீருக்கு சிபிவிசி குழாயும் ஃபிட்டிங்கும் 5,000, காடி வெட்டிப் பூசுவதோடு பிளம்பர் கூலி 7,000, வாட்டர் புரூஃபிங்கும் டைல்ஸும் 15,000. மொத்தம் 55,000. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆனால் நாம் அரை நாள் நின்று பேரம் பேசும் ஷவர், இதில் 3 சதவீதம்கூட இல்லை. கடைக்காரர் சொல்லும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைக்க வேண்டுமானால் டைவர்ட்டரில் குறையுங்கள். சுவருக்கு வெளியே தெரியும் சாதாரண வால் மிக்சர் மலிவு, பழுதானால் டைல்ஸை உடைக்கவும் வேண்டாம். சுவருக்குள் போகும் குழாயிலும் வாட்டர் புரூஃபிங்கிலும் கை வைக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றி ஒருநாள் விடச் சொல்லுங்கள். தரையில் தண்ணீர் கட்டி, கீழேயும் பக்கத்து அறைச் சுவரிலும் ஓதம் தெரிகிறதா பாருங்கள். காடிக்குள் குழாய் ஓடும் பாதையை டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது தேவைப்படும். நானி ட்ராப் பக்கம் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்த பிறகே கடைசித் தவணைக் கூலியைக் கொடுங்கள்.

அந்தத் தண்ணீர் வெளியே எங்கே போகிறது, செப்டிக் டேங்க்கில் ஏன் விடக் கூடாது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)